‘பார்த்தது’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்தது. அப்பா டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான்தான் உரக்கப் படித்தேன். சிசேரியன் ஆன தாய்மார்களை உங்கள் வார்டிலிருந்து ஐந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று உன் சீஃப் திட்டமிட்டிருக்கிறார் என்றும், எங்கள் டாக்டரம்மா பத்து வருடத்துக்கு முன்பு இந்தப் பக்கத்தில் செய்து பார்த்ததன் குறிப்புகளை எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் குறிப்புகளுக்குப் பலமே வீடு வீடாகப் போய் எழுதிய கார்டுகள்தான் என்று அவர் சொன்னாராம். “அந்தக் கார்டெல்லாம் எங்க அம்மா கையெழுத்து சார்” என்று நீ சொன்னாயாம். அப்பா சாதத்தில் கை வைத்தபடியே சிரித்தார். அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். கார்டுப் பெட்டியை அடுத்த வாரம் யாரிடமாவது கொடுத்தனுப்பும்படி கேட்டு முடித்திருந்தாய்.

பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. டாக்டரம்மா வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போனபோது, நீ எழுதியது உன்னிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெட்டியை அனுப்புகிறேன். ஆனால் அதில் ஒரு கார்டு பொய். அதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சொல்வதென்றால் ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. இந்தக் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

நீ பிறந்த விதம் உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். அப்போது அப்பா திருவள்ளூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். இரண்டு நாள் வலி எடுத்தும் நீ இறங்கி வரவில்லை. என்னை ரயிலேற்றி மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். வேப்பம்பட்டு தாண்டும்போது எனக்கு நினைவு தப்பிவிட்டதாம். அறுத்து எடுத்தார்கள். கண் விழித்தபோது பையனா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, தண்ணீர் கேட்டேன். இதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது. அந்தக் காலத்தில் வயிற்றில் கத்தி பட்டவளை மல்லாக்கப் படுக்க வைத்து, குடல் அசையும் வரை ஒரு சொட்டு கொடுக்க மாட்டார்கள். குடல் அசைந்து ஆஸ்பத்திரி அனுமதித்த பிறகும், என் அம்மாவும் சித்தியும் கொடுக்க மாட்டேன் என்றார்கள். பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிப்போகும், தையல் ஊறிப் பிரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார்கள். ஐந்தாம் நாள், அவர்கள் வராந்தாவுக்குப் போன நேரத்தில், உன் உடம்பைத் துடைக்க வைத்திருந்த கிண்ணத்து வெந்நீரை எடுத்துக் குடித்துவிட்டேன். அதில் உன்னைத் துடைத்த துணி நனைந்து கிடந்தது. குடித்தபின் தையல் எப்போது பிரியும் என்று கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பதினான்கு நாள் கழித்து ஒரு கிழவியைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர்கள் சொல்வதில் எதுவுமே உண்மையில்லை என்ற கோபம் அன்றைக்கு எனக்குள் உட்கார்ந்தது. அந்தக் கோபம் நல்லது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகி வந்த மறு வருடம், அறுபத்தெட்டில், அந்த வேலை வந்தது. சின்ன ஆஸ்பத்திரி, ஒரே ஒரு டாக்டரம்மா. டிக்கெட் கவுன்ட்டரில் நின்றுகொண்டு அப்பாவிடம், வீடுகளுக்குப் போய்ப் பெண்களிடம் பேசி எழுதத் தெரிந்த படித்த பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஆபரேஷன் ஆனவள் ஒரு கட்டிலைப் பதினான்கு நாள் பிடித்துக்கொள்கிறாள். கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருத்தி என்று வார்டு நிரம்பிப்போனால், அடுத்து வலியோடு வருகிறவளை லாரியிலோ ரயிலிலோ மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சிலர் போய்ச் சேர்வதில்லை. அறுத்த அன்று மாலையே கஞ்சித் தண்ணீர் கொடுத்து, மறுநாள் உட்கார வைத்து, அதற்கடுத்த நாள் நடக்க வைத்து, எட்டாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் கட்டில் காலியாகும். ஆனால் அது இந்தப் பெண்களுக்கு, ரத்தமில்லாமல் வெளுத்துப்போன இந்த உடம்புகளுக்கு, நல்லதா கெடுதலா? தெரியாது என்றார். ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதிவேட்டில் ஒற்றைப்படை எண் வந்தால் பழைய முறை, இரட்டைப்படை வந்தால் புது முறை. யாருக்கும் சலுகை கிடையாது. வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

கார்டை அவரே கோடு போட்டுத் தயாரித்தார். காய்ச்சல், தையல், பால், சாப்பாடு, தண்ணீர் என்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்றுக்குப் ‘பார்த்தது’ என்று தலைப்பு, மற்றதற்குக் ‘கேட்டது’. தெர்மாமீட்டரை வைத்து நீயே படித்தால் இந்தக் கட்டம், அவர்கள் வாயால் சொன்னால் அந்தக் கட்டம், இரண்டும் கலந்துவிட்டால் நான் இந்த வேலையையே செய்ய வேண்டாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கல்லூரியில் தவளையை அறுத்துப் படம் வரைந்த காலத்துக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது.

வார்டில் முதலில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எங்கள் ஆயா ஒருத்தி இருந்தாள், நல்ல வாய். “இன்னாமே, ஜமீன்தார் பொண்டாட்டி கணக்கா படுத்துக்கினு கீற, எய்ந்து நட” என்று அதட்டுவாள். ஆரணி ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த ஒருத்தி பதிலுக்கு, “வயித்த கீசிட்டு மறாநாளே பரேடு போவ சொல்றீங்களே, நாங்க இன்னா மிலிட்டிரியா” என்று கேட்டு, சிரித்ததில் தையல் இழுத்து, சிரிப்பும் அழுகையுமாகக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒற்றைப்படை எண்காரி ஒருத்தி, தாகத்தோடு மல்லாந்து கிடந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு பேரில் யார் நானென்று தெரியும். புது முறைதான் ஜெயிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் தப்பு தொடங்கியது.

வீடுகளுக்குப் போனபோது ஒன்று கற்றுக்கொண்டேன். இதை உன் சீஃப்பின் திட்டத்தில் எங்காவது எழுதி வைத்துக்கொள். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பற்றி வாசலில் நின்று யார் கேட்டாலும், எப்படி இருக்கிறாள் என்றால், நல்லா இருக்கிறாள் என்றுதான் பதில் வரும். உடம்பு சரியில்லை என்று வாயால் சொல்லிவிட்டால் அது அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். பச்சை உடம்புக்காரியைப் பற்றி அபசகுனமாகப் பேசுவதில்லை. மாமியார் அப்படித்தான் சொல்வாள், புருஷன் அப்படித்தான் சொல்வான், ஜுரத்தில் கொதித்துக்கொண்டிருப்பவளும் அப்படித்தான் சொல்வாள். அதை நம்பக்கூடாது என்று முதல் மாதத்திலேயே எனக்குத் தெரியும். உள்ளே போய், கையைத் தொட்டு, புடவையை விலக்கி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அஞ்சலைக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பம். தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடந்தது. எண் இரட்டைப்படை. மூன்றாம் நாள் நடந்தாள், கஞ்சி குடித்தாள், பிள்ளைக்குப் பால் வந்தது. டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டினார். அவள் மாமியார் தேசம்மா, கருவாடு விற்பவள், வார்டு வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் திகிலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஒவ்வொரு முறை டம்ளரைத் தூக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எட்டாம் நாள் தையல் பிரித்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், காயத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். சொன்னது அஞ்சலையிடம். தேசம்மாவிடம் தனியாக உட்கார்ந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர்ப் பானை யார் கையில் இருக்கிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை. என்னைத் தவிர வேறு யார் யோசித்திருக்க முடியும்?

பன்னிரண்டாம் நாள் போனேன். இதை மகனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீ டாக்டர். அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். பொன்னேரியில் இறங்கி, பஸ் மாறி, படகில் ஏறி, மணலில் நடந்து அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. தேசம்மா வாசலில் வந்து நின்று கேட்டாள்.

“கார்டம்மா, தப்பா நெனச்சிக்காத. ஊட்டுக்கு தூரமா இல்லியே நீ? குயந்த கீது உள்ள.”

எல்லா வீட்டிலும் கேட்பார்கள். மாதவிலக்கானவளின் நிழல் சிசுவின் மேல் விழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். நான் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். எத்தனையோ தடவை அப்படிப் பொய் சொல்லி உள்ளே போயிருக்கிறேன், கொஞ்சம்கூட உறுத்தாமல். அன்று மட்டும், ஆமாம் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பத்து வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்காக வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது என்று நினைத்துவிடாதே. அன்று நீ பள்ளியில் நன்றாக இருந்தாய், வீட்டில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. படகுக்காரன் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காற்று திரும்பிவிட்டது, இந்தப் படகை விட்டால் அடுத்தது எப்போது என்று அவனுக்கே தெரியாது. எனக்கு வலித்தது, படுக்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் உள்ளே போக வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே கேவலமானது அது. தேசம்மா நிம்மதியோடு, அப்படியானால் இங்கேயே நின்று கேட்டுக்கொள், பேசுவாள் என்றாள். நான் வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து குரல் வந்தது.

“நல்லாகீறேன்க்கா.”

குரல் மெதுவாக இருந்தது. காய்ந்து போயிருந்தது. அது எனக்குக் கேட்டது. தாகத்தில் வறண்ட தொண்டை எப்படிப் பேசும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அந்தக் குப்பத்தில் இருந்திருக்க முடியாது. பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டேன். தேசம்மா, அதெல்லாம் நல்லா குடிக்கிறது என்றாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படகில் உட்கார்ந்து கார்டை முழங்காலில் வைத்து எழுதினேன். ‘கேட்டது’ கட்டத்தில் நலம் என்று எழுதியிருந்தால், டாக்டரம்மா பார்த்துவிட்டு மறுநாளே திருப்பி அனுப்பியிருப்பார். மறுபடியும் அவ்வளவு தூரம் வர வேண்டும். நான் ‘பார்த்தது’ கட்டத்தில் எழுதினேன். தையல் ஆறிவிட்டது. கசிவு இல்லை. தண்ணீர் தேவையான அளவு. காய்ச்சல் என்ற வரியில் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று போட்டேன். தெர்மாமீட்டர் என் பையில், அதன் உறைக்குள் இருந்தது. எழுதும்போது தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாகத்தான் இருப்பாள், புது முறைப்படி நடந்தவள் நன்றாக இருக்காமல் எப்படி இருப்பாள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். என் விருப்பம் எனக்குத் தெர்மாமீட்டர் ஆகிவிட்டது.

நான்கு நாள் கழித்து அவள் செத்துப்போனாள். எனக்குத் தெரிய வந்தது இன்னும் இரண்டு வாரம் தள்ளி, அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிரசவத்துக்கு வந்தபோது. டாக்டரம்மா உடனே கார்டை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இல்லை, தையல் ஆறியிருக்கிறது. அப்படியானால் இது ஆபரேஷனால் வந்தது அல்ல, குப்பத்தில் அந்தச் சமயம் பரவிக்கொண்டிருந்த விஷ ஜுரமாக இருக்கும் என்றார். ஒரு நிமிஷம் யோசித்து, “நீ பார்த்திருக்கிறாய் இல்லையா” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, வேறு காரணத்தால் மரணம் என்று எழுதினார். உன் சீஃப் கையில் இருக்கிற குறிப்புகளில் எட்டாம் நாள் வீட்டுக்குப் போனவர்கள் யாரும் ஆபரேஷன் காரணமாக இறக்கவில்லை என்று இருக்கும். அது இந்த ஒரு வார்த்தையின் மேல் நிற்கிறது.

அந்த வாரமே துக்கம் விசாரிக்கப் போனேன். அப்போதுதான் நடந்தது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் உடம்பில் ஊற்றிவிட்ட தண்ணீரையெல்லாம் வற்ற வைக்க வேண்டும் என்று தேசம்மா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகளைக் காயப்போட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம், அதுவும் மிளகுக் கஷாயம். நாங்கள் வார்டில் எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவுக்குச் சரிக்கட்டியிருக்கிறாள். கெடுதல் நினைத்து இல்லை. வீட்டில் இருந்த ஒரே மெத்தையை அவளுக்குத்தான் போட்டிருந்தாள். பத்தாம் நாளே காயத்தின் கீழ்முனை திறந்து சீழ் வந்திருக்கிறது, அதற்கு மஞ்சளும் சாம்பலும் வைத்துக் கட்டியிருக்கிறாள். நான் வாசலில் நின்றபோது அஞ்சலைக்கு நல்ல ஜுரம். பதினாறாம் நாள் பினாத்த ஆரம்பித்ததும் படகில் போட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். ஏரியின் நடுவிலேயே போய்விட்டாள். ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளப் பார்த்தாளாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு நாற்பதுகூட இருக்காது. “நீ உள்ள வந்து பாத்திருந்தா அன்னிக்கே இட்டுனு போயிருப்ப. நாந்தான் தீட்டு தீட்டுன்னு உன்ன நிக்க வெச்சேன். எங்கையாலயே அனுப்சிட்டேன் கார்டம்மா” என்று சொன்னாள். நான் அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன். அழாதே என்றேன். விதி என்றேன். நான் நினைத்திருந்தால் உள்ளே வந்திருப்பேன், மற்ற வீடுகளில் அப்படித்தான் வருகிறேன் என்று சொல்லவில்லை. என் பங்கையும் சேர்த்து அவளே தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். கார்டில் எழுதியது சோம்பல். இது அப்படி இல்லை. இதை யோசித்துத்தான் செய்தேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வேலையைச் செய்தேன். ஒரு வீட்டிலும் வாசலோடு நின்றதில்லை. மாமியார்களை உட்கார வைத்துப் பேசினேன், அவர்கள் கையாலேயே மருமகளுக்குத் தண்ணீர் கொடுக்க வைத்தேன். டாக்டரம்மா இதைப் பாராட்டினார், ஏன் இந்த மாற்றம் என்று கேட்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருந்தது. அதைவிட, ஒற்றைப்படை எண்காரிகளின் வறண்ட முகம் இருந்தது. இந்த ஒரு கார்டால் டாக்டரம்மா பயந்து பழைய முறைக்கே திரும்பிவிட்டால், கட்டில் இல்லாமல் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் முழுப் பொய் இல்லை, அதனால்தான் அதை இத்தனை நாள் கட்டிக்கொண்டு இருக்க முடிந்தது. அஞ்சலையைக் கொன்றது கஞ்சியும் நடையும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எட்டாம் நாளில் அவளை எந்த வீட்டுக்குள் அனுப்பினோம், அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்விக்கு விடை. அந்த விடையை நான் மறைத்தேன். இப்போது நீங்கள் ஐந்தாம் நாள் அனுப்பப் போகிறீர்கள். மூன்று நாள் முன்னதாக, ஆறாத காயத்தோடு, இங்கே புதிதாக எழும்பியிருக்கிற கம்பெனி லைன்களில் குடியிருக்கிற பெண்கள் போவார்கள். அவர்கள் வாசலில் என்னைப் போல ஒருத்தி கார்டோடு நிற்பாள்.

உன் கடிதம் வந்த இரவு பெட்டியைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பொன்னேரிக்குப் போவதாக மட்டும் சொல்லிவிட்டு ஏரியைத் தாண்டிப் போனேன். தேசம்மா அதே மணலில் இறாலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு காசிமேட்டுப் பக்கம் போய்விட்டானாம். அஞ்சலையின் பெண்ணை இவள்தான் வளர்க்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மற்ற வீடுகளில் பொய் சொல்லி உள்ளே போனதையும், படகையும், கார்டில் எழுதியதையும். அவள் இறாலிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “இத்த இன்னாத்துக்கு இப்ப வந்து சொல்ற” என்றாள். மகன் டாக்டராகியிருக்கிறான், கார்டு கேட்கிறான் என்றேன்.

“அப்ப எனுக்காவ வர்ல நீ. உம் புள்ளைக்காவ வந்துகீற.”

அவள் சொன்னது சரி. நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். இறாலைப் புரட்டிவிட்டபடியே சொன்னாள், அந்தப் பெண் விவரம் தெரிந்து அம்மா எங்கே என்று கேட்டபோது, நான்தான் தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன் என்று இவளே சொல்லிவிட்டாளாம். மறைக்கத் தெரியவில்லை என்றாள். அதிலிருந்து அந்தப் பெண் இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, தானே மொண்டு குடிக்கிறது. சொல்லிவிட்டு, ராணி என்று குரல் கொடுத்தாள். வலைகளுக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றது. இந்தம்மா உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுத் தேசம்மா எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்து போய்விட்டாள்.

பத்து வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உனக்கு இப்போது எழுதுவதைவிடச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னேன். உன் பாட்டி பெரிய தப்பு செய்தாள், தெரியாமல் செய்தாள். நான் தெரிந்து செய்தேன். உள்ளே வந்து உன் அம்மாவைப் பார்த்திருந்தால் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். படகு போய்விடும் என்று வெளியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டது.

“அன்னிக்கு போட்ட புடிச்சிட்டியா?”

படகைப் பிடித்துவிட்டேன் என்றேன். அது தலையை ஆட்டிவிட்டு வலைப்பக்கம் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து எல்லாக் கார்டுகளையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். உள்ளே போய்ப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறவற்றைத் தனியாகக் கட்டியிருக்கிறேன். சில கார்டுகள் இருக்கின்றன, முக்கால்வாசி அஞ்சலைக்கு முன்னால் எழுதியவை, பார்த்தேனா கேட்டேனா என்று எனக்கே உறுதி சொல்ல முடியவில்லை. அவற்றை வேறு நூலால் கட்டியிருக்கிறேன். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதே. அஞ்சலையின் கார்டு மேலே இருக்கிறது. ‘பார்த்தது’ கட்டத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்திருக்கிறேன், கீழே இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில், உள்ளே போகவில்லை, பார்க்கவில்லை, பன்னிரண்டாம் நாள் காய்ச்சலும் சீழும் இருந்தது பிறகு தெரிந்தது, பதினாறாம் நாள் இறந்தாள் என்று எழுதி இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

கார்டை உன் சீஃப்பிடம் நீயே கொடு. என் அம்மா எழுதியது என்று முன்பு சொன்னாயே, அதே வாயால் இதையும் சொல். ஒரு கார்டால் என்ன ஆகிவிடப் போகிறது, அம்மாவின் பெயரை ஏன் கெடுக்கிறாய் என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். அதை ஏற்றுக்கொள்ளாதே. ஐந்தாம் நாள் அனுப்புவதானால், கூட்டிப்போக வருகிறவளை, அவள் மாமியாரோ அம்மாவோ, முதல் நாளே வார்டுக்குள் வரச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்த வயிறு பிரியாது என்பதை அவளும் ஐந்து நாள் கண்ணால் பார்க்கட்டும். வீடுகளுக்குப் போகப் பெண்களை வைத்தால், போக முடியாதபோது முடியாது என்று சொல்லவும், பார்க்காதபோது பார்க்கவில்லை என்று எழுதவும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டதற்காக யாரையும் திட்டாதே. நான் வெறுமையாக விட்டிருந்தால் டாக்டரம்மா என்னைத் திட்டியிருப்பார், அஞ்சலை ஒருவேளை பிழைத்திருப்பாள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு சொல்வேன், முன்னால் சொன்னால் போட வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும், நானும் சரி என்று சொல்லிவிடக்கூடும். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதை அவசரமாக முடிவு செய்ய வேண்டாம். எனக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றும், உன் சுபாவம் அது. முதலில் சீஃப்பைப் பார்த்துச் சொல். எனக்குப் பதில் எழுதுவதெல்லாம் அதற்கப்புறம்.

உன் அம்மா